விழித்திரைப் படமா, ஓசிடியா?

மொரீசியசில் நம் வீடுகளில் சர்க்கரை நோய் சகஜம். கண் பரிசோதனை என்றதும் விழித்திரையைப் படம் பிடிப்பதா, ஓசிடி (OCT) என்ற ஒளி ஸ்கேன் எடுப்பதா என்று பலர் குழம்புகிறார்கள்.

எதைக் காட்டும்?
படம்: விழித்திரையின் பரப்பு. ரத்தக்கசிவு, கொழுப்புப் படிவு, புதிதாக முளைத்த ரத்தக்குழாய்.
ஓசிடி: குறுக்குவெட்டு. 1991இல் வந்த நுட்பம். அகச்சிவப்பு ஒளி திரும்பி வருவதை வைத்து, சில மைக்ரான் நுணுக்கத்தில் அடுக்கடுக்காக வரையும். மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதியில்) நீர் கோத்திருந்தால் கறுப்புக் குமிழ்கள் தெரியும். பள்ளமாக இருக்க வேண்டிய நடுப்பகுதி மேடாகிவிடும். தட்டையான படத்தில் இந்த வீக்கம் எளிதில் தப்பிவிடும்.

சிரமம்?
படம்: சிலருக்குச் சொட்டு மருந்து தேவை, அப்புறம் சில மணி நேரம் கண் கூசும்.
ஓசிடி: பெரும்பாலும் சொட்டு இல்லாமலே முடியும்.

செலவு?
அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். தனியாரிடம் பொதுவாக ஓசிடிதான் கூடுதல்.

பார்வையில் குறையில்லை, ஆண்டுப் பரிசோதனைதான் என்றால் படம் போதும். எழுத்து நெளிந்து தெரிந்தாலோ, கண்ணில் ஊசி போட்டு வந்தாலோ, கட்டாயம் ஓசிடி. கிளாகோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) சந்தேகத்துக்கும் அதுவே, பக்கவாட்டுப் பார்வையையும் அளக்கும் பார்வைப்புலச் சோதனையுடன். ஆனால் ஓசிடி எடுத்தாச்சு என்று படத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வழக்கமான ஓசிடி நடுப்பகுதியைத்தான் பார்க்கும். ஓரத்துக் கசிவு அதில் வராது.