பள்ளி மேலாண்மைக் குழு: இஞ்ச் டேப்போடு ஒரு உறுப்பினர்

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. 2024-இல் குழுவை மறுபடி அமைத்தபோது உறுப்பினரானேன். தையல் வேலை செய்கிறேன். பெண் ஏழாம் வகுப்பு, பையன் இரண்டாம் வகுப்பு.

முதல் இரண்டு கூட்டம் எனக்குப் பிடிக்கவே இல்லை. டீ குடித்தோம், கையெழுத்துப் போட்டோம். "கழிப்பறை வசதி வேண்டும்" என்று தீர்மானம் எழுதினோம். நோட்டைப் பின்னால் புரட்டினால் பழைய குழுவும் அதே வரியைத்தான் எழுதியிருக்கிறது.

பள்ளி வளர்ச்சித் திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் எல்லாம் மாறியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி இந்தத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியது குழுதான். வரும் வருடங்களில் எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், கட்டடம், சாமான், பணம் எல்லாம் எண்ணிக்கையோடு வர வேண்டும் என்று ஹெச்.எம். டீச்சர் விளக்கினார். சரி, அளந்துவிடுவோம் என்று என் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

பெண்கள் கழிப்பறையில் நாலு கதவு. இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். கை கழுவும் குழாய் தரையிலிருந்து 38 அங்குலம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிக் கை நீட்டினால் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது. "2 தாழ்ப்பாள், 24 அங்குல உயரத்தில் 6 குழாய்" என்று எழுதினோம். குழுவில் இருக்கும் வார்டு உறுப்பினர் ஒரே வாரத்தில் தாழ்ப்பாளை வாங்கி மாட்டிவிட்டார். குழாய்கள் அடுத்த ஜூனில் வந்தன.

ஆசிரியர் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 ஆனால் 3 என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. எங்களிடம் 57 பேர். அதில் 9 பேர் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அங்கன்வாடியில் போய் எண்ணினோம். ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேரும் வயதில் 17 பிள்ளைகள். பாதிப்பேரைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். வீடு வீடாகப் போய்ப் பேசினோம். 13 வீட்டில் சரி என்றார்கள். கூட்டிப் பாருங்கள், 61! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 13 பேரும் சொன்னபடியே சேர்ந்தார்கள். மூன்றாவது ஆசிரியரை இன்னும் அனுப்பவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

ஒரு மதிப்பெண் குறைத்தது கூட்ட நேரத்துக்காக. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வைக்கிறார்கள். 24 உறுப்பினரில் 11 பேர் வந்தால் அதிகம். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா குழுவில் இருக்கிறார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவருக்கு அரைநாள் கூலி போகிறது. பிள்ளைகள் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டபோது நாங்கள் விட்ட பிசகை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அடுத்த மாதம் சாயங்காலம் ஆறரைக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் கொடுக்கப் போகிறேன், அந்த அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.