110 டெசிபல் டிஸ்க் லாக்: ஆபீஸ் முடியும்வரை வண்டியைக் காக்குமா?

காலை ஒன்பதுக்கு நிறுத்திய வண்டியை மாலை ஆறு மணிக்குத்தான் எடுப்போம். எவ்வளவு நேரம் ஆள் வரமாட்டார் என்பது இரண்டு நாள் கவனித்தாலே எவருக்கும் தெரிந்துவிடும். வண்டியோடு வரும் சைடு லாக் இதற்குப் போதாது. ஹேண்டில்பாரைக் காலால் ஓங்கி உதைத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கம்பி முறிந்துவிடும். பிறகு இக்னிஷன் ஒயரை நேரடியாக இணைத்துக் கிளப்பிவிடுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அலாரம் டிஸ்க் லாக்: டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் உள்ள ஓட்டையில் மாட்டிச் சக்கரத்தைத் தடுக்கும், வண்டி அசைந்தால் அலறும் பூட்டு. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளிலும் ஆன்லைனிலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வகையைப் பற்றியது இந்த மதிப்பீடு: 6 அல்லது 7 மி.மீ. தடிமனுள்ள பின் (டிஸ்க் ஓட்டைக்குள் நுழையும் கம்பி), ஆறு எல்ஆர்44 பட்டன் செல், பெட்டியில் 110 டெசிபல் என்ற எழுத்து.

முதலில் சத்தம். 110 டெசிபல் என்பது பூட்டுக்குப் பக்கத்தில் கேட்கும் அளவு. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் திறந்த வெளியில் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 என்றே வைத்துக்கொண்டாலும் 32 மீட்டரில் அது 80. பஸ்ஸும் ஆட்டோவும் ஓடும் ரோட்டில் அது தனித்துத் தெரியாது. மூன்றாவது மாடியில் கண்ணாடி அடைத்த ஏசி அறைக்குள் நிச்சயம் கேட்காது. ஆகவே இந்தப் பூட்டை வாங்குவதற்கு முன், வண்டி நிற்கும் இடத்தில் பகல் முழுக்க யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செக்யூரிட்டி நாற்காலியோ டீக்கடையோ பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இருந்தால் கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டு. கட்டடத்தின் பின்சந்தில் ஆள் நடமாட்டமில்லாத இடம் என்றால் அலாரத்தை நம்ப வேண்டாம்.

அலாரம் வேலை செய்யும் விதம் நன்றாகவே இருக்கிறது. சாவி போடும் சிலிண்டரை அழுத்திப் பூட்டியதும் ஒரு பீப். சில நொடிகளில் சென்சார் விழித்துக்கொள்ளும். முதல் அசைவுக்கு எச்சரிக்கை பீப் மட்டும். தொடர்ந்து அசைந்தால் சுமார் பத்து நொடி அலறிவிட்டு மீண்டும் காவலுக்குத் திரும்பும். இந்த இரண்டு கட்ட ஏற்பாடு அவசியமானது. ஹேண்டில் இடிக்க நெருக்கி நிறுத்திய வரிசையில், பக்கத்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் நம் வண்டி ஆடும். அசைந்த உடனே அலறும் பூட்டாக இருந்தால் இரண்டாம் நாளே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பூட்டின் உண்மையான பலம் பின்னிலும் சாவியிலும் இருக்கிறது. குழாய் வடிவ வட்டச் சாவி உள்ள மாடலைத் தவிருங்கள். அந்த வகையைக் கள்ளத்தனமாகத் திறப்பது எளிது. பக்கவாட்டில் குழிகள் உள்ள தட்டைச் சாவி மேல். பின்னின் அளவை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 6 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பாகம் உங்கள் டிஸ்க்கின் ஓட்டையில் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் 6 மி.மீ. பின் போதும், 7க்கும் அதே சோதனை. முன்சக்கரம் டிரம் பிரேக் என்றால் முன்பக்கம் இந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை. செயின் பூட்டுக்குப் போய்விடுங்கள்.

மாட்டும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி முன்னால் உருளத் தொடங்கியதும் பூட்டு காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) உடனே முட்ட வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பின்னால் காலிப்பர் இருக்கும் வண்டிகளில் அதன் அடியை ஒட்டி மாட்டினால் இது சரியாக வரும். தூரமாக மாட்டினால், பூட்டை மறந்து கிளம்பும்போது சக்கரம் அரைச் சுற்று வேகமெடுத்த பிறகு முட்டும். டிஸ்க் வளையும், வண்டி கவிழும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் இன்னொரு கவனம் தேவை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் இது பலருக்கும் பொருந்தும். டிஸ்க்குக்கு உள்பக்கம் பல்வரிசை போல் இருக்கும் வளையத்திலும், அதன் சென்சார் ஒயரிலும் பூட்டின் உடல் படவே கூடாது. அந்த வளையம் நெளிந்தால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாது.

மறதிக்கு மருந்து அந்த ஆரஞ்சு நிறச் சுருள் கயிறு. பெட்டியில் வராவிட்டால் தனியாக வாங்குங்கள். ஒரு முனை பூட்டில், மறுமுனை ஆக்சிலரேட்டர் கைப்பிடியில். இது இல்லாமல் டிஸ்க் லாக் வாங்கவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

இந்த வகையின் பலவீனம் பேட்டரிப் பெட்டி. ரப்பர் வளையம் மெல்லியது, மழைநீர் இறங்கும். மலிவான செல்கள் கசிந்து தொடும் இடத்தில் பச்சை பூக்கும். பூட்டோடு வரும் செல்களைக் கழற்றி நல்ல எல்ஆர்44 போடுங்கள். அதே அளவில் வரும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் இன்னும் நாள் தாங்கும். ஆறையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் கசிவு சீக்கிரம் வரும். பீப் சத்தம் மெலிந்தால் அதுவே மாற்றும் நேரம். செல் தீர்ந்தாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். அலாரம் மட்டும் போகும்.

சாவித் துவாரம் மேலே பார்க்கும்படி மாட்டாதீர்கள், தூசியும் தண்ணீரும் நிறையும். இறுகினால் கிராஃபைட் பொடி போடுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே அடித்தே ஆக வேண்டுமென்றால் பூட்டைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி நின்று அடித்து, நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பிரேக் பேடு அதைக் குடித்துவிடும், முன் பிரேக் பிடிக்காது. வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் டிஸ்க் கையைச் சுடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காசு வாங்கும் ஸ்டாண்டுகளில் இந்தப் பூட்டைப் போடாதீர்கள். அங்கே வரிசை நெருக்க ஆட்கள் வண்டியை நகர்த்துவார்கள். அதனால்தான் "சைடு லாக் போடாதீங்க" என்பார்கள். பூட்டிய சக்கரத்தை இழுத்தால் டிஸ்க்தான் பலியாகும். அந்த இடத்தில் காவல் என்பது டோக்கன். வெளியே போகும் வழியில் டோக்கனை வண்டி நம்பரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா என்று ஒரு மாலை நின்று கவனியுங்கள். பார்க்காமல் விடும் ஸ்டாண்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

டிஸ்க் லாக்கால் தடுக்க முடியாத ஒன்று உண்டு: தூக்கிக்கொண்டு போவது. 110 கிலோ அளவுள்ள சாதாரண வண்டியை இரண்டு பேர் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதற்குச் செயின்தான் வழி. 10 மி.மீ. கடினமாக்கிய எஃகு, 1.2 மீட்டர் நீளம், பூட்டோடு சேர்த்து சுமார் 3 கிலோ வரும். தினமும் சுமப்பது கஷ்டம் என்பதால், கட்டடத்தார் அனுமதித்தால் செயினைத் தூணிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பின்சக்கரத்தோடு, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்து வளைத்து, தரையில் படாத உயரத்தில் இறுக்கமாகக் கட்டவும். தரையில் கிடக்கும் செயினில் போல்ட் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையில் உடல் எடையை முழுக்கப் போட்டு வெட்டலாம். தொங்கும் செயினில் அந்த வசதி கிடைக்காது. பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கேபிள் லாக்கை ஹெல்மெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கேட்டால்: ஆள் நடமாட்டமுள்ள அலுவலக வாசலில், சைடு லாக்கோடு சேர்த்து, கயிறு மாட்டி, ஐந்துக்கு நான்கு. தனிமையான இடத்தில் ஐந்துக்கு ஒன்றரை. எதை வாங்கினாலும் வண்டியின் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் பத்திரமாக வையுங்கள். திருட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது எஃப்ஐஆரோடு அந்த இரண்டையும் கேட்பார்கள். ஒரிஜினல் ஆர்சியை சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். டிஜிலாக்கரில் உள்ளது போலீஸ் சோதனைக்குப் போதும்.