ஒற்றைத் துளையா, உருளையா? மக்காச்சோளம் உதிர்க்கப் பழைய இயந்திரம் வாங்கிய கதை

இல்லினாய் மாநிலத்தில், பியோரியா நகரை ஒட்டிய கிராமப்புறத்தில் இருக்கிறேன். கால் ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறேன். வீட்டுக் கோழிகளுக்கும், சுண்ணாம்புநீரில் வேகவைத்து அரைத்துச் சுடும் மெக்சிகோ ரொட்டிக்கும், மறு ஆண்டு விதைக்கும் அது போதும். சென்ற குளிர்காலத்தில் கொட்டகையில் பதினான்கு புஷல் கதிர் காய்ந்து கிடந்தது. இங்கே கதிராக அளந்தால் ஒரு புஷலுக்கு 70 பவுண்டு; மணியாக அளந்தால் 56 பவுண்டு. இடையில் இருக்கும் 14 பவுண்டும் வெறுங்கட்டை. ஏறத்தாழ 350 கிலோ மணியைக் கட்டையிலிருந்து பிரித்தாக வேண்டும். முதல் நாள் மாலை கட்டைவிரலால் இருபது கதிர் உதிர்த்தேன். மறுநாள் காலை சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

இந்தப் பாடு இந்த ஊருக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயிகள் தொட்டியின்மேல் மண்வாரியைக் குறுக்கே வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, இரும்பு விளிம்பில் கதிரைச் சுரண்டினார்கள். இல்லாவிட்டால் தடிகொண்டு அடித்தார்கள், குதிரைகளை விட்டு மிதிக்கவைத்தார்கள். 1839-இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த லெஸ்டர் டெனிசன் கையால் சுற்றும் உதிர்ப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1845-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரில் இருந்த தாமஸ் பர்ரால், வார்ப்பிரும்பில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். ஒன்று, கதிரை ஒவ்வொன்றாகத் துளையில் வாங்கி, ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்து உதிர்ப்பது. இன்னொன்று, கதிர்களைக் கூடைகூடையாக வாங்கி, சுழலும் உருளைக்கும் அதைச் சுற்றிய இரும்புக் கூண்டுக்கும் நடுவில் உருட்டித் தேய்ப்பது. நான் தேர்ந்தெடுத்தது முதல் குடும்பத்தை. அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். நடுநிலை வேண்டுவோர் அந்தக் கணக்கோடு படிக்கலாம்.

விலை பெரிய விஷயம் அல்ல. 1954-இல் ஜான் டீர் நிறுவனம் தன் 45 ஆம் மாடல் அறுவடை இயந்திரத்தின் முன்னால் பொருத்த, இரண்டு வரிசை மக்காச்சோளத் தலைப்பகுதி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 10 ஆம் எண் என்று பெயர். கதிரை ஒடிப்பதும் மணி உதிர்ப்பதும் வயலிலேயே ஒரே ஓட்டத்தில் முடிந்தன. அதன்பின் கதிராகச் சேமிக்கும் பழக்கமே மெல்ல ஒழிந்தது. பலகை இடைவெளி வைத்துக் கட்டிய கதிர்க்களஞ்சியங்கள் காலியாயின. உதிர்ப்பு இயந்திரங்கள் கொட்டகை மூலைக்குப் போயின. இப்போது பண்ணை ஏலங்களில் அவை வந்துகொண்டே இருக்கின்றன. பூந்தொட்டி வைத்து அழகு பார்க்க வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களோடு போட்டி போட வேண்டியிருப்பது ஒன்றுதான் எரிச்சல்.

முதலில் வாங்கியது தவறானதை. ஒற்றைத் துளைக் குடும்பத்திலேயே மிகச் சிறியது பெட்டிக் கருவி. மரப்பெட்டியின் விளிம்பில் இறுக்கிப் பிடிக்கவைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், மணி பெட்டிக்குள் விழும், கட்டை வெளியே போகும். டென்னசியின் கிளார்க்ஸ்வில்லில் பேட்ச் என்பவரின் தொழிற்கூடம் செய்த பிளாக் ஹாக் இவ்வகையில் பெயர் பெற்றது. எனக்குக் கிடைத்தது பெயரும் முத்திரையும் இல்லாத ஒன்று. நாற்பது டாலர், பளபளவென்று புதுச் சிவப்புச் சாயம். பெட்டியில் வைத்துத் திருகாணியை இறுக்கினேன். மூன்றாவது சுற்றிலேயே பிடிக்கும் தாடை படக்கென்று கையோடு வந்துவிட்டது. உடைந்த வாயைப் பார்த்தால் பாதி புது வெள்ளை, பாதி பழைய துரு. விரிசல் முன்பே இருந்திருக்கிறது, அதன்மேல் சாயம் பூசியிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பழைய வார்ப்பிரும்பு வாங்குகிறவர்கள் புதுச் சாயத்தைக் கண்டால் இரண்டடி பின்வாங்குவது நல்லது.

அடுத்து, மரச்சட்டத்தில் தன் காலில் நிற்கும் ஒற்றைத் துளை இயந்திரம். இடுப்பு உயரம், ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் கனத்த சக்கரம். நூற்று எழுபத்தைந்து டாலர். இதன் வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவுக்குக் காரணமே அங்கேதான் இருக்கிறது.

உள்ளே செங்குத்தாக ஒரு பெரிய வட்டு. அதன் முகம் முழுவதும் மழுங்கிய பற்கள். வட்டுக்கு எதிரில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சிறு உருளி. மூன்றாவது பக்கத்தில் சொரசொரப்பான ஒரு தகடு. அதன் முதுகில் ஸ்பிரிங். கதிரைத் துளையில் விட்டதும் இந்த மூன்றும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. கதிர் தன் அச்சிலேயே சுழன்றபடி கீழே இழுபடுகிறது. பற்கள் ஒரு வரிசை மணியைத் தள்ளிவிட்டால், பக்கத்து வரிசைக்குச் சாய்மானம் இல்லாமல் போய், அதுவும் சரிந்துவிடுகிறது. மணி கீழே கொட்ட, உரித்த கட்டை முழுசாக வேறு வாயில் வெளியே வந்து விழுகிறது. என் கையில் ஒரு கதிருக்கு ஐந்தாறு நொடி. மகள் கதிர் எடுத்துக்கொடுக்க, நான் சுற்ற, ஒரு புஷல் கதிர் கால் மணி நேரத்தில் முடிகிறது.

அந்த ஸ்பிரிங்குக்கு வருகிறேன். நான் போடும் ரகம் ரீட்ஸ் எல்லோ டென்ட். ராபர்ட் ரீட் என்ற விவசாயி 1846-இல் ஒஹாயோவிலிருந்து விதை கொண்டுவந்து, இங்கே பக்கத்து டேஸ்வெல் வட்டாரத்தில் விதைத்தார். தாமதமாக விதைத்ததால் கதிர் சரியாக முற்றவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விதைத்தபோது, முளைக்காத இடங்களில் உள்ளூர் ரகம் ஒன்றைப் போட்டு நிரப்பினார். இரண்டும் மகரந்தத்தில் கலந்தன. மகன் ஜேம்ஸ் ரீட் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்தக் கலவை, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. இது கலப்பின விதை அல்ல. காற்றில் தானாக மகரந்தம் சேரும் ரகம். அதனால் ஒரு கதிர் என் மணிக்கட்டுப் பருமன், அடுத்தது இரண்டு விரல் பருமன். கலப்பினம் போட்டவர் கதிர்களைப் பார்த்தால் அச்சில் வார்த்தது போல் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயி வைத்திருந்ததெல்லாம் என்னுடையதைப் போன்ற கதிர்தான். இடைவெளி மாறாத கருவியில் அவர் பெரிய கதிரை விட்டால் சிக்கிக்கொள்ளும். சிறியதை விட்டால் பாதி மணியோடு வெளியே வரும். ஸ்பிரிங் வைத்த தகடு அந்தச் சண்டையைத் தீர்த்தது. தடித்த கதிர் வந்தால் தகடு பின்வாங்குகிறது, மெலிந்தது வந்தால் முன்னே வருகிறது. ஒரே கதிரிலும் அடி தடிமன், நுனி மெலிவு. அதையும் தொடர்ந்து தடவியபடியே போகிறது. வேகத்தைக் கூட்டிய முன்னேற்றங்கள் பல உண்டு. இரண்டு துளை, நான்கு துளை, எட்டுத் துளை என்று பெருகின. இந்த மாநிலத்திலேயே, சாண்ட்விச் என்ற ஊரில் (பெயர் அதுதான்), அகஸ்டஸ் ஆடம்ஸின் நிறுவனம் அப்படிப்பட்டவற்றால் பெயர் வாங்கியது. ஆனால் எட்டுத் துளைகளும் பயன்பட்டது, ஒவ்வொரு துளையிலும் தகடு வளைந்து கொடுத்ததால்தான் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங்கின் முனையில் காது வைத்த நட்டு ஒன்று இருக்கிறது. அதை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கைப்பக்குவம். அதிகம் இறுக்கினால் கட்டை நொறுங்கி, சிவப்பு உமி மணியோடு கலந்துவிடும். பிறகு முறத்தை எடுக்க வேண்டும். தளர்த்தினால் நுனியில் இரண்டு வரிசை நின்றுபோகும். நான் சற்றுத் தளர்வாகவே வைக்கிறேன். நுனி மணி விதைக்கு ஆகாது, கட்டையோடு கோழிக்குப் போகட்டும். அந்தக் காலத்திலும் விதைக் கதிரின் அடி மணியையும் நுனி மணியையும் தனியே தள்ளிவிடுவார்கள். விதைப்புக் கருவியின் தட்டில் இருக்கும் ஓட்டைகளுக்கு ஒரே அளவு மணி வேண்டும் என்பது காரணம்.

இனி உருளை. அயோவா மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ட் ஊரில் 1950 முதல் பழைய கதிரடிப்பு இயந்திரங்களின் விழா நடக்கிறது. அங்கே டிராக்டர் பெல்ட்டில் ஓடிய ஓர் உருளை இயந்திரத்துக்கு அரை மணி நேரம் கதிர் அள்ளிப் போட்டிருக்கிறேன். பெரிய இயந்திரத்தில் என் அனுபவம் அவ்வளவுதான், ஆகவே இதற்குமேல் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளவும். வாயில் மண்வாரியால் கொட்டலாம், ஒவ்வொன்றாக விட வேண்டியதில்லை. கதிர் எந்தப் பருமனானாலும் கவலை இல்லை. ஒன்றோடொன்று உரசியே பாதி உதிர்ந்துவிடுகிறது. தோல் ஒட்டியிருந்தாலும் விழுங்கிவிடும். பூச்சிக்குப் பயந்து தோலோடு கதிரைச் சேமித்த தென்மாநிலத்து விவசாயிகளுக்கு இது பெரிய வசதி. சல்லடையும் காற்றாடியும் உள்ளேயே இருப்பதால் மணி சுத்தமாக வருகிறது. வேலை அளவில் என் இயந்திரத்தை அதன் பக்கத்தில் நிறுத்தவே முடியாது.

அதன் பொற்காலத்தில் இந்த உருளை இயந்திரத்தோடு ஒரு குழு பண்ணை பண்ணையாகப் போய்க் கூலிக்கு உதிர்த்துக் கொடுத்தது. களஞ்சியத்தின் தரைக்கு அடியில் ஒரு நீளப் பள்ளம் இருக்கும். மேலே மூடிய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தால், பள்ளத்தில் ஓடும் சங்கிலி கதிரை இழுத்துக்கொண்டு போய் இயந்திரத்தில் சேர்க்கும். கதிர்க் குவியல் அடிமட்டத்துக்கு வரும்போது, அங்கே குடித்தனம் நடத்திய எலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே ஓடும். அதற்காகக் கால்சட்டையின் கீழ்முனையைச் சணல் கயிற்றால் கட்டிக்கொள்வார்களாம். எங்கள் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இதைச் சொல்லும்போது இன்றும் குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

வாங்கவும் ஒரு வாய்ப்பு வந்தது. முந்நூறு டாலருக்குச் சிறிய உருளை இயந்திரம், ஓடும் நிலையில். வேண்டாம் என்று சொல்லவைத்தது பராமரிப்பு. பிரதான பெல்ட், காற்றாடி பெல்ட், மணி தூக்கும் சங்கிலி, சங்கிலியின் கிண்ணங்கள், சல்லடையை ஆட்டும் கை, கூண்டுக் கம்பிகள், பத்துக்கும் மேற்பட்ட பேரிங்குகள். பெல்ட்டும் பேரிங்கும் கடையில் கிடைக்கும். கூண்டுக் கம்பி கிடைக்காது. அதே மாடலின் இன்னொரு பிணத்தைத் தேடிப்பிடித்துக் கழற்ற வேண்டும். சல்லடையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தகட்டு வேலை தெரிந்தவர் வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரம் ஓடப்போகிற இயந்திரத்துக்காகப் பதினொரு மாதம் பாகம் தேடுவதா? அதோடு ஓடும் பெல்ட் பக்கத்தில் மகளை நிற்கவைக்க மனம் வரவில்லை.

என் இயந்திரத்தில் அவ்வப்போது கவனிக்க வேண்டியவை மூன்றே. ஸ்பிரிங் போன மார்ச்சில் தளர்ந்தது. இரும்புச் சாமான் கடையில் அதே பருமனில் ஒன்று ஆறு டாலருக்குக் கிடைத்தது, கால் மணி நேர வேலை. அச்சு சுழலும் இடங்களில் மேலே எண்ணெய்த் துளை இருக்கிறது. ஆரம்பிக்கும் முன் இரண்டு சொட்டு. மரச்சட்டம் கோடையில் உப்பி, குளிரில் சுருங்குவதால் போல்ட்டுகள் தளரும். ஜனவரியில் ஒருமுறை இறுக்குகிறேன். உண்மையான ஆபத்து வட்டு ஒன்றுதான். அதன் பற்கள் தேய்ந்துவிட்டால் அல்லது விரிசல் விழுந்துவிட்டால் பற்றவைப்பது லேசில் நடக்காது, இயந்திரமே முடிந்தது போல. ஆகையால் ஏலத்தில் நான் முதலில் செய்தது, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்ததல்ல. மூடியைத் தூக்கி, சிறு சுத்தியலால் வட்டை நாலு இடத்தில் தட்டினேன், சந்தையில் பானை வாங்குகிறவர் தட்டுவது போல. கணீரென்றால் நல்லது, சத்தம் மந்தமானால் எங்கோ கீறல். பிறகு டார்ச் அடித்துப் பற்களைப் பக்கவாட்டில் பார்த்தேன். அடிக்கும் முனை வழவழப்பாக உருண்டிருந்தால் விட்டுவிட நினைத்திருந்தேன். நல்லவேளை, அப்படி இல்லை.

விதை விஷயத்திலும் ஒற்றைத் துளை எனக்கு உதவியது. உதிர்த்த மணியில் நூறை எண்ணி ஈரத்துணியில் கட்டிவைத்தேன்; தொண்ணூற்று நான்கு முளைத்தன. உருளையில் உதிர்த்த மணியை இப்படிச் சோதித்ததில்லை. அன்று விழாவில் கையில் அள்ளிப் பார்த்தபோது உடைந்த மணிகள் கண்ணில் பட்டன, ஆனால் அதை ஓட்டியவர் அன்று வேகத்தைக் கூட்டி வைத்திருந்திருக்கலாம்.

ஐந்து ஏக்கர் போடுகிறவர் நான் சொன்னதைக் கேட்டு ஒற்றைத் துளை வாங்கினால் என்னைத் திட்டுவார். அவருக்கு உருளைதான், அதுவும் பாகம் கழற்ற இரண்டாவது ஒன்றையும் சேர்த்து வாங்கிப் போட வேண்டும். எது வாங்கினாலும் கதிர் காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நவம்பரில் ஒரு கூடை போட்டுப் பார்த்தேன். மணி கட்டையை விடாமல், முனை பிய்ந்து, வட்டின் பற்களுக்கு நடுவில் மாவாக அப்பிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்கப் பழைய பல்துலக்கியும் ஒரு சனிக்கிழமையும் செலவாயின. பிப்ரவரியில் அதே கதிர்கள், நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தியதும், மளமளவென்று கொட்டின.