மாநில எல்லை தாண்டும் காவலரின் கைத்துப்பாக்கி: லியோசாவா, மாநில உரிமமா?

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக் காவலர் விடுப்பில் வேறு மாநிலத்துக்குப் போகும்போது, இடுப்பில் மறைத்து வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு எந்தச் சட்டம் துணை நிற்கிறது என்பதை அவரே தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வழிகள் முக்கியமாக இரண்டு: காவலர் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இடம் தரும், லியோசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2004-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பொதுமக்களைப் போலவே சொந்த மாநிலத்தில் பெறும் உரிமம் மற்றொன்று.

மாநில உரிமத்தின் பலவீனம் எல்லையிலேயே தெரிந்துவிடும். பிலடெல்பியாவில் உரிமம் வாங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தில் ஏறி டெலவேர் ஆற்றைக் கடந்தால், சில நிமிடங்களில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் இறங்குகிறார். பிற மாநில உரிமங்களை நியூ ஜெர்சி ஏற்பதில்லை. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இதே நிலைதான்.

அதே பாலத்தில் லியோசா காவலருக்குத் துணை வருகிறது. அவர் கைது செய்யும் அதிகாரம் உள்ள பணியில் இருக்க வேண்டும்; துப்பாக்கி வைத்திருக்கத் துறையின் அனுமதியும், துறை வைக்கும் சுடும் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும்; மது அருந்திய போதையில் இருக்கக் கூடாது. இவற்றோடு, துறை வழங்கிய ஒளிப்பட அடையாள அட்டை கையில் இருந்தாக வேண்டும். பேட்ஜை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவது போதாது, ஏனெனில் சட்டம் கேட்பது அட்டையைத்தான்.

ஆனால் லியோசா எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. தனியார் தம் இடத்தில் துப்பாக்கியைத் தடுக்க மாநிலச் சட்டம் இடம் தந்தால் அந்தத் தடை நிற்கும். மாநில அரசின் கட்டடங்களிலும் பூங்காக்களிலும் மாநிலம் விதிக்கும் தடையும் நிற்கும். லியோசா தோட்டாக்களுக்கும் பொருந்துமா என்ற குழப்பத்தை 2010-இல் வந்த திருத்தம் பெரிதும் நீக்கியது. தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் பெட்டியான மேகசினைப் பற்றியோ சட்டத்தின் வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினை நியூ ஜெர்சி தடை செய்திருப்பதால், பதினேழு கொள்ளும் கிளாக் 17 கைத்துப்பாக்கியை வைத்திருப்பவர் பத்துக்குரிய மேகசினை மாட்டிக்கொண்டு புறப்படுவதே நல்லது என்பேன்.

ஓய்வு பெற்றவர்களுக்கும் லியோசா பொருந்தும். மொத்தம் பத்து ஆண்டுப் பணி (2010-க்கு முன் பதினைந்து), நன்மதிப்போடு விலகல், கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் சுடும் தேர்ச்சி ஆகியவை அவர்களுக்குரிய முக்கிய நிபந்தனைகள். அவர்கள் தன்னிடம் தனி அனுமதி பெற வேண்டும் என்று நியூ ஜெர்சி வற்புறுத்தியதை, மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை.

பணியில் இருப்பவருக்கு லியோசாவே வலிமையான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும் மாநில உரிமத்தைக் காலாவதியாக விட்டுவிடக் கூடாது என்றே வலியுறுத்துவேன். பணியிடை நீக்கத்திலோ காவல் அதிகாரத்தின் இழப்பிலோ முடியக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை ஒன்று தொடங்கிவிட்டால், குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே லியோசாவின் பாதுகாப்பு நீங்கிவிடும். உரிமத்தை ஏற்கும் மாநிலங்களில் அன்று அவருக்கு எஞ்சுவது அந்த உரிமம்தான். ஏற்காத மாநிலத்தைக் கடந்துபோக வேண்டுமானால், 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கைக்கு எட்டாமல் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு போகலாம்.