நாலு சில்லு வண்டிக்கு ஒரு சீலைக் கூண்டு: இரண்டு விண்டர் பாவித்த பிறகு

எங்கள் கராஜ் கதவில் இருந்து தெரு வரைக்கும் 170 மீற்றர். முதல் விண்டரிலேயே நாடா பிடித்து அளந்தேன். பனி வழிக்க ஆள் பிடித்தால் நீளத்தைக் கேட்டுத்தான் விலை சொல்வார்கள். கனடாவில், ரொறன்ரோவுக்கு வடமேற்கே இருக்கிற ஷெல்பேர்னுக்கு வடக்கே, நெடுஞ்சாலை 10 இல் இருந்து உள்ளே திரும்புகிற கிராமத்துத் தெரு ஒன்றில் இருக்கிறோம். மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். காலை ஐந்தே முக்காலுக்கு அவருடைய கார் தெருவில் ஏறிவிட வேண்டும். அவர் போகாவிட்டால், அங்கே இரவு முழுக்க வேலையில் நின்ற பிள்ளை வீட்டுக்குப் போக முடியாமல் இன்னொரு ஷிப்ட் நிற்க வேண்டி வரும். ஆகவே பனி கொட்டிய நாளில் நான் நாலரைக்கே வெளியில் நிற்பேன்.

வழித்துத் தர வந்தவர் சீசனுக்கு 1,400 டொலர் கேட்டார். அதோடு, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்ல மாட்டாராம். அப்படித்தான் மோட்டார் சைக்கிள் போல ஏறி இருந்து ஓடுகிற நாலு சில்லு வண்டி, பழைய ஹொண்டா ராஞ்சர் 420 ஒன்றை வாங்கி, முன்னால் பனி தள்ளுகிற ஐந்தடி அலகு பூட்டி நானே வழிக்கத் தொடங்கினேன். வண்டி நல்ல வண்டி. ஆனால் காற்று!

இந்த மேட்டுநிலம் தென் ஒன்ராறியோவில் உயரமான இடங்களில் ஒன்று. டண்டாக் பக்கம் கடல் மட்டத்துக்கு 500 மீற்றருக்கு மேல். மேற்கே ஹூரன் ஏரி. ஏரி உறையாமல் இருக்கும்வரை, அதன் மேலால் வருகிற குளிர்காற்று தன்னைவிடச் சூடான தண்ணீரில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, நிலம் உயர்கிற எங்கள் பக்கத்தில் பனியாகக் கொட்டிவிடும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கிற நாளில் இங்கே எதிர்வீட்டுத் தபால் பெட்டி தெரியாது. மெலங்தன், அமரந்த் வயல்களில் 2006 இலும் 2008 இலும் 133 காற்றாலைகளை நிறுத்தியதும் இந்தக் காற்றை நம்பித்தான். மைனஸ் 15 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 24 போல. மைனஸ் 20 இல் 30 கிலோமீற்றர் என்றால் மைனஸ் 33. திறந்த வண்டியில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு இறங்கினால் கராஜ் திறப்பைப் பிடிக்க விரல் மடங்காது. இரண்டு வருடம் அப்படி ஓடினேன். கன்னத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு வந்ததைப் பார்த்து மனைவி பயந்த பிறகுதான், ஓடுகிறவரைச் சுற்றி மூடுகிற இந்தச் சீலைக் கூண்டை வாங்கினேன்.

விலை 389 டொலர். 13 வீத வரியோடு 439 டொலர் 57 சதம். இது கதவு, கண்ணாடி, ஹீற்றர் எல்லாம் வைத்த இரும்புக் கூண்டு இல்லை. அந்த வகை பெரும்பாலும் பக்கத்தில் ஆள் இருந்து போகிற பெரிய வண்டிகளுக்குத்தான் வரும், ஆயிரக்கணக்கில் போகும். நான் வாங்கியது மெல்லிய உலோகக் குழாய்ச் சட்டகம், அதற்கு மேலே 600 டெனியர் (நூலின் தடிப்பைச் சொல்கிற அளவு) பொலியஸ்ரர் சீலை, நாலு பக்கமும் வளையக்கூடிய பிளாஸ்டிக் ஜன்னல், இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாய் இழுத்து மூடுகிற சிப் வைத்த கதவு. அடியில் ஒன்றும் இல்லை. கால் வைக்கிற தட்டோடு சீலை முடிந்துவிடும். ஊரில் லொறிக்குப் படங்கு கட்டினவர்களுக்கு இதன் உத்தி உடனே விளங்கும்: இழுத்துக் கட்டினால் நிற்கும், தளர விட்டால் காற்று அதைப் பாயாக்கிவிடும்.

பூட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பெட்டியில் வந்த தாளில் அரை மணித்தியாலம் என்று போட்டிருந்தார்கள். சட்டகத்தின் நாலு காலும் முன், பின் சாமான் தட்டுகளில் பட்டியால் கட்டப்படுகின்றன. பட்டி நுனியில் வெறும் உலோகக் கொழுவிகள். அவை தட்டின் கறுப்புப் பூச்சை முதல் கிழமையிலேயே உரசி வெள்ளையாக்கிவிட்டன. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிய பிறகு நின்றது. கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: இதைச் சூடான இடத்தில் வைத்துப் பூட்டுங்கள், கார்த்திகை தொடங்க முன்னமே. குளிரில் அந்த ஜன்னல் பிளாஸ்டிக் தகரம் போல விறைத்துவிடும். நான் பெட்டியை இரண்டு நாள் வீட்டுக்குள் ஹீற்றருக்குப் பக்கத்தில் விரித்து வைத்த பிறகுதான் மடிப்புக் கோடுகள் போயின.

முதல் பெரிய பனி மார்கழி நடுவில் வந்தது, முழங்கால் அளவு. கதவு சிப்பை இழுத்து மூடிக்கொண்டு கராஜை விட்டு வெளியே வந்தேன். வீட்டு மூலையைத் தாண்டும் இடத்தில்தான் வழக்கமாகக் காற்று முகத்தில் அறையும். அன்றைக்கு சீலை ஒருமுறை ‘படார்’ என்று உள்வாங்கி விறைத்து நின்றது, என் முகத்தில் ஒன்றும் படவில்லை. அந்த ஒரு விநாடிக்காகவே கொடுத்த காசு சரி என்று நினைத்தேன். எஞ்சின் சூடு கால் இரண்டுக்கும் நடுவால் மேலே வரும். திறந்த வண்டியில் அது காற்றோடு போய்விடும், இங்கே தங்குகிறது. பிறகு ஒரு நாள் சின்ன வெப்பமானி கட்டிப் பார்த்தேன். வெளியே மைனஸ் 16. இருபது நிமிடத்துக்குப் பிறகு உள்ளே முழங்கால் அருகே மைனஸ் 4, தோள் அளவில் மைனஸ் 9. வீட்டுச் சூடு என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஜக்கெற்றும் கையுறையும் வேண்டும். ஆனால் காற்று இல்லாத மைனஸ் 9 இல் மனிதர் வேலை செய்யலாம்.

அன்றைக்கே அதன் பெரிய குறையும் தெரிந்தது. பத்து நிமிடத்தில் என் மூச்சு முழுக்க முன் ஜன்னலில் ஒட்டி, முதலில் பனிப்புகார் போல, பிறகு உள்பக்கமாகவே பனிப் படலமாக உறைந்துவிட்டது. அலகு எங்கே இருக்கிறது, புல் எங்கே தொடங்குகிறது ஒன்றும் தெரியவில்லை. கையுறையால் வழித்தேன், அது பிளாஸ்டிக்கில் கீறலாகப் பதிந்தது. விடியற்காலை இருட்டில் எதிரே ஒரு லைற் வந்தால் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் மின்னும். மனைவி வாசலில் நின்று கத்தினார்: “இஞ்சாருங்கோ, உள்ளுக்கு நீங்கள் இருக்கிறது ஒண்டும் தெரியேல்லை. கையையாவது வெளியிலை காட்டுங்கோ!”

இதற்கு நான் கண்ட வழி: இரண்டு கதவின் மேல் சிப்பையும் நாலு விரல் அளவு திறந்து வைப்பது. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது, காற்று ஊடே போக வேண்டும். அதோடு, கிழமைக்கு இரண்டு தரம் சவர நுரையை உள்பக்கம் மெல்லியதாகப் பூசி, மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிடுகிறேன். இரண்டு விடியலுக்குத் தாங்கும். வீட்டுக் கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த நீலத் தண்ணீரைக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். அது இந்தப் பிளாஸ்டிக்கை மங்க வைத்து, உலர்த்தி, வெடிக்கப் பண்ணும்.

சிப்பைத் திறந்து வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதை வாங்குகிற ஒவ்வொருவரும் இந்தப் பந்தியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தை மாதம் ஒரு நாள் பனியைக் கராஜுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பப் பின்னுக்கு எடுக்கிற வேலை. பின்னால் ஆளுயரப் பனிச்சுவர், காற்றும் பின்னால் இருந்துதான். குளிர் என்று இரண்டு சிப்பையும் முழுக்க மூடியிருந்தேன். கால் மணித்தியாலத்தில் நெற்றி இரண்டு பக்கமும் இடித்தது, வயிற்றைப் பிரட்டியது. நித்திரை குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கி வெளியே நின்றதும் ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. அப்போதுதான் விளங்கியது: புகைக்குழாய் பின்னால், கூண்டின் அடி திறந்தபடி. பனிச்சுவரில் பட்டுத் திரும்புகிற புகை நேராக அடியால் உள்ளே ஏறுகிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஒன்ராறியோவில் வீட்டுக்குள் அதற்கு அலாரம் வைக்கச் சட்டமே இருக்கிறது. வீட்டுக்கென்று செய்த அந்த அலாரத்தை உறைகுளிரில் வண்டிக்குள் தொங்கவிட்டு நம்பவும் முடியாது. ஆகவே எனக்கு நானே வைத்த விதி: எவ்வளவு குளிரானாலும் இரண்டு சிப்பும் மேலே திறந்தபடி. கராஜுக்குள் கூண்டு மூடியபடி எஞ்சினை ஓட விடுவதில்லை. தலை லேசாக இடித்தாலும் உடனே இறங்குவது. பெட்டியில் வந்த தாளில் இது ஒரு மூலையில் மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வண்டிகளை ஓடுகிறவர் தன் உடம்பாலும் ஓட்டுகிறார். சரிவில் சில்லு ஏறினால் எதிர்ப்பக்கம் சாய வேண்டும், கவிழ்ந்தால் குதிக்க வேண்டும். கூண்டுக்குள் இரண்டும் முடியாது. ஒருமுறை வலது முன்சில்லு வாய்க்கால் ஓரத்தில் இறங்கியபோது இடப்பக்கம் சாயப் போய்ச் சட்டகத்தில் தோள் முட்டியது. வண்டி தானாக நின்றது, அவ்வளவுதான். சொந்தக் காணிக்குள் ஓடும்போது ஹெல்மெற் போடச் சட்டம் கேட்பதில்லை, நான் போட்டுத்தான் ஓடுகிறேன். கூரைக் குழாய்க்கும் ஹெல்மெற்றுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் இருக்கிறது. காட்டுப் பாதைக்கு, வேகமாக ஓடுவதற்கு இந்தக் கூண்டு கூடவே கூடாது. பக்கக் காற்றில் வண்டியே தள்ளுப்படும். சிம்கோ ஏரியில் பனிக்கட்டிக்கு மேலே மீன் பிடிக்கப் போகிற நண்பர் ஒருவர் தானும் வாங்கப் போவதாகச் சொன்னார். கதவுச் சீலையை முழுக்கக் கழற்றிவிட்டு மட்டும் கட்டிக்கொண்டு போ என்று கெஞ்சிச் சொன்னேன். பனிக்கட்டி உடைந்தால் உறைந்த சிப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

சிப் உறைவது சும்மா சொன்னதில்லை. ஈரப் பனி அதற்குள் போய் இறுகிவிடும். மெழுகுதிரியைப் பல்லில் மேலும் கீழுமாகத் தேய்த்துவிட்டால் ஒரு மாதம் வழுக்கிக்கொண்டு போகும். அடி ஓரத்தில் இருக்கிற வெல்க்ரோவோ இரண்டாவது கிழமையே பனி நிரம்பி ஒட்டாமல் போய்விட்டது. அந்த இடத்தில் இரண்டு கயிறு கட்டிவிட்டேன். கூரையில் பனி தேங்க விடக்கூடாது, குழாய் வளைந்துவிடும்.

முதல் விண்டரின் தை மாதத்திலேயே இடது கதவு ஜன்னல் வெடித்தது. மைனஸ் 22 காலை, கதவைச் சுருட்டி மேலே கட்டப் போனேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், மூலையில் இருந்து மூலைக்கு ஒரு கோடு. விற்றவர்களுக்கு எழுதினேன். மூன்று தரம் படம் கேட்டார்கள், ஐந்து கிழமை இழுத்தார்கள். கடைசியில், குளிரில் வெடிப்பது உத்தரவாதத்தில் அடங்காது என்று ஒரு வரி வந்தது. குளிருக்கென்று விற்கிற சாமானுக்கு இப்படி ஒரு பதில் எனக்கு இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியாமல்தான் இருக்கிறது.

அந்த நட்டத்தால் ஒரு நல்ல ஆளைக் கண்டுகொண்டேன். ஜோர்ஜியன் குடாப் பக்கம் படகுகளுக்குச் சீலைக் கூரை தைக்கிற ஒருவர். விண்டரில் அவருக்கு வேலை குறைவு. வெடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, படகுக்குப் போடுகிற தடித்த தெளிவான வினைலை இரட்டைத் தையல் போட்டு வைத்துத் தந்தார். 95 டொலர். கையால் தடவிப் பார்த்தேன், பழையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிப்பு. அவர் சொல்லித் தந்தது: குளிரில் சுருட்டவே கூடாது, கதவைச் சிப்போடு கழற்றித் தட்டையாக வையுங்கள். கோடையில் வெயில் படாமல், பெட்டிக்குள் மடிக்காமல், சுவரில் தொங்கவிடுங்கள். முதல் கோடையில் நான் மடித்து வைத்ததில் எலி குடும்பமே நடத்தி, கூரை ஓரத்தில் உள்ளங்கையளவு கடித்துவிட்டது. இப்போது தொங்குகிறது, ஒன்றும் இல்லை.

யாருக்கு இது சரி? நீண்ட டிரைவ்வே, நடை வேகத்தில் வேலை, மட்டமான நிலம், காற்றடிக்கிற இடம் என்றால் வாங்குங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு கார் நிற்கிற முற்றத்துக்கு இது வீண் செலவு. வாங்கும்போது ஜன்னல் எத்தனை பாகை குளிர் வரை வளையும் என்று எழுத்தில் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கதவு தனியாகக் கழல்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜன்னலைச் சரியாகச் செய்திருந்தால் நாலரை.

வலது கதவு ஜன்னலிலும் கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறேன். சித்திரையில் கூண்டைக் கழற்றினதும் படகுக்காரரிடம் கொண்டு போவேன். அவருக்கு வேலை கூடும் முன் நாள் கேட்டு வைத்துவிட்டேன்.