எட்டு வருடமாக ஓடும் பெட்ரோல் பம்பு: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

2018 ஆனியில் வாங்கிய மூன்று இஞ்ச் பெட்ரோல் பம்பு இது. 163 சிசி, நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. எங்கள் நிலம் பாமணியாற்றுப் பாசனத்தில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வயலுக்கு ஏறாது. இறைத்துத்தான் நாற்றங்காலுக்கு விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதே பம்புக்கு எதிர்வேலை: சம்பா வயலில் தேங்கும் மழைத் தண்ணீரை வடிகாலில் தள்ளும். வருடத்தில் நூறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். மீதி மாதமெல்லாம் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும். இதற்கு வந்த கோளாறுகளில் முக்கால்வாசி, அப்படிச் சும்மா கிடந்த மாதங்களில் பிடித்தவை.

2022-இல்தான் அது எனக்கு உறைத்தது. அந்த வருடம் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு நாள் இருக்கிறதே என்று பம்பைத் தொடாமல் இருந்தோம். அவசரமாகத் தூக்கி வந்து கயிற்றை இழுத்தால் உயிரே இல்லை. மார்கழியில் பெட்ரோலோடு அப்படியே வைத்தது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசம் போய், வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. டவுனில் ஒருவர் பார்த்துவிட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். எங்கள் ஊர் டூவீலர் மெக்கானிக் தம்பி, "அண்ணே, ஒரு தடவை கழற்றிப் பார்த்துடுவோம்" என்றான்.

10 நம்பர் ஸ்பேனரால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினான். உள்ளே பச்சையும் வெள்ளையுமாக ஒரு படிவு. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக உருண்டது. பெட்ரோல் அளவாகப் போகும் சின்னத் துண்டான மெயின் ஜெட்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். ஊசிமுனை அளவு ஓட்டை, அதில் வெளிச்சமே தெரியவில்லை. ஒயரை உரித்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து மெதுவாக நுழைத்து நுழைத்து எடுத்தான். குண்டூசியால் குத்தக் கூடாதாம். ஓட்டை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போய் ப்ளக் கறுத்துக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்து மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடைமழைக் காலத்தில் எங்கள் பக்கம் உப்பு ஜாடியே நீர்விட்டுப் போகும். பாதி டேங்க் பெட்ரோல் மட்டும் எப்படித் தப்பும்? ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

அதிலிருந்து சீசன் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்துவிடுகிறேன். பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்' திருகை மூடி, தானாக அணையும்வரை இன்ஜினை ஓட விடுவேன். அப்புறம் கிண்ணத்தின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால் இன்னும் இரண்டு ஸ்பூன் பெட்ரோல் வரும். அந்த இரண்டு ஸ்பூன்தான் ஜெட்டை அடைப்பது. ப்ளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் புது ஆயில் ஊற்றி, கயிற்றை நாலைந்து முறை மெல்ல இழுத்து, ப்ளக்கை மாட்டுவேன். கடைசியாகக் கயிறு கெட்டியாகிற இடத்தில் நிறுத்திவிட்டால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், உள்ளே ஈரம் ஏறாது. மொத்தமே இருபது நிமிடம். 2024-இல் மேட்டூர் திறந்தது ஜூலை 28-ஆம் தேதி. ஏழு மாதம் கிடந்த பம்பு அன்றைக்கு இரண்டாவது இழுப்பில் கிளம்பியது.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது ப்ளக்கை. நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. காக், குழாய், ஜெட் என்று போக வேண்டும். நனைந்திருந்தால் சோக் போட்டு அதிகம் இழுத்திருக்கிறோம். துடைத்து, கொஞ்ச நேரம் ஆற விட வேண்டும். கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பஞ்சு ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரில் தண்ணீரே படக் கூடாது. ப்ளக் இடைவெளி 0.7-இலிருந்து 0.8 மில்லிமீட்டர்.

இன்னொன்று, ஒரு குறுவையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பத்து நிமிடம் ஓடும், தானாக நிற்கும். கொஞ்சம் ஆற விட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். புது ப்ளக் போட்டும் அதே கதை. நடவு பார்க்க வந்த சித்தப்பா டேங்க் மூடியை லேசாகத் திருகினார்; 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. சேற்றுக் கையோடு நாங்கள் திறந்து மூடியதில் அது அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

வாய்க்கால் கரைச் சரிவில் வைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உள்ளே இருக்கிறது. சாய்ந்து நின்றால் அது ஆயில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, ஒரு பலகை போட்டால் சரியாகிவிடும். ஆயில் 10டபிள்யூ-30 ரகம், அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். முதல் தடவை 20 மணி நேரத்தில் மாற்றினேன். பிறகு 100 மணி அல்லது ஆறு மாதம் என்பது கணக்கு. நான் குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று என்று மாற்றிவிடுகிறேன்.

பம்புப் பக்கம் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் ஓட்டினால் மெக்கானிக்கல் சீல் (தண்ணீர் இன்ஜின் பக்கம் கசியாமல் தடுக்கும் அடைப்பு) கருகும். ஒரு தடவை கருகியது. ஆகாயத்தாமரை வேர், உறிஞ்சும் குழாயின் நுனிச் சல்லடையைச் சுற்றிக்கொள்ளும், அதனால் சல்லடையைக் கூடைக்குள் இறக்குகிறேன். தண்ணீர் கீழே போய்விட்டது என்று இன்ஜினைக் கிணற்றுக்குள்ளோ ஆழமான குழிக்குள்ளோ மட்டும் தயவுசெய்து இறக்காதீர்கள். சைலன்சர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உள்ளே இறங்குகிற ஆளை அது கொன்றுவிடும்.

மின் இணைப்பு இருக்கிற வயலுக்கு இது தேவையில்லை. இலவச மின்சாரத்தில் மோட்டாரே ஓடட்டும். பெட்ரோல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது, சத்தமும் அதிகம். ஆனால் 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, குளத்திலிருந்து மாடுகளுக்கும் புழங்குவதற்கும் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தது இதுதான். வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை அப்போது.

இதுவரை மாற்றியவை மூன்று கயிறு, இரண்டு ப்ளக், ஒரு சீல், வெடித்துப்போன பெட்ரோல் ரப்பர் குழாய். இந்தத் தையில் இன்ஜின் தலைப்பக்கம் லேசாக டிக் டிக் என்று கேட்கிறது. வால்வு இடைவெளி கூடியிருக்கலாம், உள்வால்வுக்கு 0.15, புகை வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உளுந்து அறுப்பு முடிந்ததும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் எடுத்துக்கொண்டு வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.