தூரத்தை வச்சு பயண நேரம் சொல்ற ஏஜென்ட்டுங்ககிட்ட உஷாரா இருங்க

ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போய், அங்கிருந்து வேற ஒரு ஃப்ளைட் பிடிக்கணும். ஆன்லைன் ஏஜென்ட் ஒருத்தர் வாட்ஸ்அப்ல பிளான் போட்டு அனுப்பினார், தூரம் 7,800 கிலோமீட்டர், பறக்குற நேரம் ஒன்பதே முக்கால் மணி, காலைல 9 மணிக்கெல்லாம் இறங்கிடலாம், மத்தியானம் 2 மணிக்குத்தான் அடுத்த ஃப்ளைட், தாராளமா டைம் இருக்குன்னு. பணத்தையும் உடனே வாங்கிட்டார், ஆனா இ-டிக்கெட் கைக்கு வந்தது கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி.

அதுல பார்த்தா பயண நேரம் 13 மணி நேரம், இறங்குறதே மதியம் பன்னெண்டரைக்கு. அது போதாதுன்னு இறங்குறது நரிதால, அடுத்த ஃப்ளைட் கிளம்புறது ஹனேதால. ரெண்டுமே டோக்கியோன்னுதான் பேரு, ஆனா இமிக்ரேஷன் முடிச்சு பெட்டியை எடுத்து இன்னொரு ஏர்போர்ட்டுக்கு ரோட்டுலயோ ரயில்லயோ போகவே ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆயிடும், எப்படி பிடிக்கிறது?

ராத்திரியே கூப்பிட்டு கேட்டா, "சார், தூரம் போட்டா எந்த வெப்சைட்டும் அதே நேரம்தான் காட்டும்"னு ஒரு பதில். அந்த வெப்சைட்டுங்க என்ன பண்ணுதுன்னா, பூமி மேல ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இருக்குற குறுக்கு வழி தூரத்தை எடுத்து, மணிக்கு 850 கிலோமீட்டர் மாதிரி ஒரு வேகத்தால வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்து காட்டுது, அவ்ளோதான். விமானம் நிஜமா எந்த வழில போகுதுன்னு அதுக்கு தெரியாது. 2022 பிப்ரவரி கடைசில ரஷ்யா வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடினதுலேர்ந்து இந்த ரூட்ல வடதுருவம் பக்கமாவோ தெற்கால மத்திய ஆசியா வழியாவோ சுத்தித்தான் போறாங்க, முன்ன ஒன்பதரை மணில முடிஞ்சது இப்போ 13 ஆச்சு. டிக்கெட் விக்கிறவருக்கு இது தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். காத்து வேற இருக்கு, லண்டன் - நியூயார்க் ஒரே தூரம்தான், ஆனா மேற்கால போறப்போ எதிர்காத்துல ஒரு மணி நேரம் கூடவே ஆகும்.

ரெண்டு டிக்கெட்டையும் தனித்தனி பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்ல) போட்டிருந்தார், அதனால முதல் விமானக் கம்பெனியும் பொறுப்பில்ல, ரெண்டாவது கம்பெனி நோ-ஷோன்னு, அதாவது ஆள் வரலைன்னு, முழுப் பணத்தையும் எடுத்துக்கிச்சு. டோக்கியோல புது டிக்கெட் கைக்காசு போட்டு வாங்கினேன். ஏஜென்ட் இப்போ ஃபோனே எடுக்கிறதில்ல, கார்டு பேங்க்ல புகார் குடுத்திருக்கேன், அவர் அனுப்பின பிளானோட ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து.

கனெக்‌ஷன் இருக்குற டிக்கெட் வாங்குறவங்க தயவுசெஞ்சு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஃப்ளைட் நம்பரை கேட்டு வாங்குங்க, அதை விமானக் கம்பெனி சைட்லயே போட்டு கிளம்புற நேரம், இறங்குற நேரம், ஏர்போர்ட் கோட் மூணையும் பாருங்க (நரிதா NRT, ஹனேதா HND), ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆரான்னும் கேளுங்க. நம்பர் தர மாட்டேன், அப்புறம் அனுப்புறேன்னு இழுத்தா அங்க பணம் கட்டாதீங்க.